உத்திராபதி படித்த சைகோன் தந்தி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கோர்ட்டுக்கு எதிரே தூங்குமூஞ்சி மரங்களின் நிழலில் ஏழெட்டுப் பேர் மனு எழுதிப் பிழைத்துவந்தார்கள். அவர்களில் டைப்ரைட்டர் வைத்திருந்தவர் உத்திராபதி ஒருவர்தான். நான் 1958ல் கோர்ட்டில் நகல் எடுக்கும் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். மத்தியானம் டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவேன். அப்படித்தான் பழக்கம்.

அவருக்குச் சொந்த ஊர் திருவந்திபுரத்துக்குப் பக்கம். கரும்பும் நெல்லும் போடுகிற குடும்பம். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு மெட்ராஸில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் ஒன்பது வருஷம் டைப்பிஸ்டாக இருந்தார். கம்பெனியை மூடிவிட்டுச் சீமைக்குப் போன துரை ஒருவர் தன் மேஜையிலிருந்த மெஷினை இவருக்கே கொடுத்துவிட்டுப் போனாராம். அதைச் சாக்கில் சுற்றி ரயிலில் கொண்டுவந்து மரத்தடியில் வைத்துவிட்டார். மனைவி அமிர்தம். பிள்ளை இல்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் முதல் நாள் இங்கிலீஷ் பேப்பரை யாரிடமாவது வாங்கிவந்து ஒரு வரி விடாமல் படிப்பார். வக்கீல்களே சில சமயம் ஒரு சொல்லுக்கு ஸ்பெல்லிங் கேட்டு ஆள் அனுப்புவார்கள். அன்றைக்கெல்லாம் அவருக்குச் சாப்பாடே வேண்டாம்.

மனுவைவிட அதிகமாக அவரிடம் வந்தது தந்திகள்தான். தந்தி என்றாலே சனங்களுக்குப் பயம். பிரித்துக்கூடப் பார்க்காமல் ஓடிவருவார்கள். இவர் கண்ணாடியைப் போட்டு ஒருமுறை மனசுக்குள் படித்துவிட்டு, நல்ல சேதியாக இருந்தால் உரக்கச் சொல்வார். கெட்ட சேதியாக இருந்தால் முதலில் "உக்காருங்க" என்பார்.

1964 மார்ச் பதின்மூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை, ஞானசேகரன் வந்தான். திருப்பாப்புலியூர்ப் பையன், இருபத்திரண்டு வயசு, நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் எழுத்து வேலை. அவனுடைய அப்பா தட்சிணாமூர்த்தி பன்னிரண்டு வருஷமாகச் சைகோனில் இருந்தார். அங்கே பிரெஞ்சுக்காரர்களின் ரப்பர் கம்பெனி ஒன்றில் கிடங்குக் கணக்குப்பிள்ளை. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வந்து போவார். பையன் கையில் தந்தி இருந்தது.

"சார், அப்பா கம்பெனியிலேருந்து வந்துருக்கு. பிரெஞ்சுல இருக்கு. ஆனா பாத்தா இங்கிலீஷ் மாதிரியும் இருக்கு."

உத்திராபதி வாங்கிப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். மொத்தம் ஒன்பது சொற்கள். ஒவ்வொன்றாக விரல் வைத்து அவர் சொல்லிக்கொண்டே போனார். பேரன்ட். அப்புறம் டிசீஸ்டு என்பதன் ஜாடையில் ஒன்று. சைகோன். பதினொன்று. மார்ச். அட்வைஸ் போல ஒன்று. ஃபேமிலி. லெட்டர். கடைசியில் சின்னதாக ஒரு சொல். லெட்டரை ஒட்டி இருந்ததால் கடிதம் வருகிறது என்று அதற்கு அர்த்தம் பண்ணிக்கொண்டார்.

"உக்காரு தம்பி" என்றார்.

பையன் உட்காரவில்லை.

"உன் பேருக்குத்தான் வந்துருக்கு. பேரன்ட்னா பெத்தவங்க. பெத்தவங்கள்ல யாரு சைகோன்ல இருக்காங்க? அப்பாதானே? பதினொன்னாம் தேதி தவறிட்டாருப்பா. குடும்பத்துக்குச் சொல்லுங்க, கடிதம் பின்னால வருதுன்னு போட்டுருக்கான்."

ஞானசேகரன் அவரையும் தந்தியையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு, "பாண்டிச்சேரிக்குப் போய் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துரட்டா சார்?" என்றான்.

"இதுக்கா? தெளிவா இருக்கு தம்பி. இன்னும் பதினாலு மைலு போய் இதையே கேக்கணுமா? அம்மாகிட்ட போ."

பேரன்ட் எனக்கும் தெரிந்த சொல்தான். அர்த்தமும் தெரியும் என்றுதான் நினைத்தேன். நானும் தலையாட்டினேன். இதை எழுதும்போதும் அந்தத் தலையாட்டல்தான் கண்முன் வருகிறது.

அடுத்த நாள் பையன் சைகோன் கம்பெனிக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதச் சொல்லி வந்தான். அப்பா எப்படி இறந்தார், உடலை என்ன செய்தீர்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்டு உத்திராபதி டைப் அடித்துக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை.

பதினாறாம் நாள் கருமாதிக்கு இரண்டு பேரும் போனோம். கெடிலம் ஆற்றங்கரையில் பையன் மொட்டை அடித்துக்கொண்டு பிண்டம் வைத்தான். உடல் இல்லாததால் தர்ப்பையில் ஒரு உருவம் செய்து எரித்திருந்தார்கள். வீட்டில் அன்று சாயங்காலம் தட்சிணாமூர்த்தியின் மனைவி சௌந்தரத்துக்குத் தாலி இறக்கினார்கள். நாற்பத்தொரு வயசு. உள்ளே கிழவிகள் சூழ்ந்து நின்றார்கள். அழுகைச் சத்தத்துக்கு நடுவில் வளையல் உடைபடும் சத்தம் வாசல்வரை கேட்டது. உத்திராபதி செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டார்.

சுமங்கலிகள் அந்த நேரத்தில் பார்க்கக் கூடாது என்று தில்லையம்மாளைக் கொல்லைப்புறத்துக்கு அனுப்பியிருந்தார்கள். இந்தத் தில்லையம்மாள் யாரென்று சொல்ல வேண்டும். தட்சிணாமூர்த்தியின் சித்தப்பா மகன் பூவராகன் என்று ஒருவர். அவரையும் எட்டு வருஷத்துக்கு முன் தட்சிணாமூர்த்திதான் சைகோனுக்கு அழைத்துப்போய் அதே கம்பெனியில் சேர்த்துவிட்டார். அந்தப் பூவராகனின் மனைவி தில்லையம்மாள். வீடு சிதம்பரத்தில், வடக்கு வீதிக்குப் பின்னால். கருமாதிக்கு நான்கு நாள் முன்பே வந்து, சமையல் முழுவதையும் தன் தலையில் போட்டுக்கொண்டு செய்தார். நான் தண்ணீர் கேட்டுக் கொல்லைப்பக்கம் போனபோது கிணற்றுக் கட்டையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். தலையில் பூ வைக்கவில்லை. நெற்றியில் குங்குமம் மட்டும் இருந்தது.

"எங்க அக்காவுக்கு இப்படி ஆயிடுச்சே" என்றார் என்னிடம். "ஒன்னே ஒன்னு. எங்க வூட்டுக்காரரு பக்கத்துல இருந்துருப்பாரு. கடைசியா ஒரு வாய்த் தண்ணியாவது அவரு கையால ஊத்தியிருப்பாரு. கடுதாசி போடுவாரு பாருங்க, எல்லாத்தையும் வெவரமா எழுதுவாரு."

அந்தக் கடிதத்துக்குத்தான் இரண்டு வீட்டிலும் காத்திருந்தார்கள். ஊருக்குத் திரும்பும் வழியில் தில்லையம்மாள் திருவந்திபுரம் போய், தீர்த்தக் கிணற்றில் உப்பும் மிளகும் வெல்லமும் போட்டு, வீட்டுக்காரர் நல்லபடியாகத் திரும்பிவந்தால் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டாராம். பயம் வந்துவிட்டது அவருக்கு. அண்ணனுக்கு வந்தது தம்பிக்கும் வந்துவிடக் கூடாதே என்று.

ஏப்ரல் இருபத்திரண்டு. புதன்கிழமை. வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மத்தியானம் இரண்டு மணி இருக்கும். கோர்ட் மரத்தடியில் பேச்சுச் சத்தம் திடீரென்று அடங்கியது. நிமிர்ந்து பார்த்தேன். சௌந்தரம் நடந்து வந்துகொண்டிருந்தார். திருப்பாப்புலியூரிலிருந்து அத்தனை தூரமும் செருப்பில்லாமல் நடந்து வந்திருந்தார். புருஷன் செத்து ஒன்றரை மாதம்கூட ஆகாத பொம்பளை தனியாகத் தெருவில் வருவதை ஊர் பார்த்ததில்லை. நேராக வந்து, சிவப்பும் நீலமும் கரைபோட்ட ஒரு கவரை டைப்ரைட்டரின் மேல் வைத்தார்.

"இத்தப் படிங்க ஐயா."

உத்திராபதி கடிதத்தை எடுத்தார். "தமிழ்லதானேம்மா இருக்கு?"

"நான் படிச்சுட்டேன். மூணு தடவ படிச்சேன். நீங்க படிங்க. நான் படிச்சது சரிதானான்னு சொல்லுங்க."

அவர் படிக்க ஆரம்பித்தார். இரண்டாவது வரியில் நிறுத்திவிட்டுக் கடிதத்தை என் பக்கம் நீட்டினார். நான் அவர் கையிலிருந்து வாங்கி மிச்சத்தைப் படித்தேன். எழுதியவர் தட்சிணாமூர்த்தி. தேதி ஏப்ரல் பன்னிரண்டு.

'சௌந்தரத்துக்கு ஆசீர்வாதம். நான் உயிரோடு இருப்பது பெருமாள் புண்ணியம். மார்ச் முதல் வாரத்தில் இங்கே வாந்திபேதி பரவி எனக்கும் பூவராகனுக்கும் ஒரே நாளில் கண்டது. அவன் பதினொன்றாம் தேதி போய்விட்டான். எனக்கு எழுந்திருக்க முடியவில்லை. ஆபீஸ் பிரெஞ்சுக்காரனைக் கூப்பிட்டு, சொந்தக்காரர் இறந்துவிட்டார் என்று மட்டும் தந்தி அடி, பெயரைப் போடாதே என்றேன். பெயரோடு போனால் தில்லை காதில் திடுமென்று விழுந்துவிடும் என்று பயந்தேன். சைகோனில் நமக்கு வேறு சொந்தக்காரர் யார் இருக்கிறார்கள், நீங்கள் புரிந்துகொண்டு சிதம்பரம் போய்ப் பக்குவமாகச் சொல்வீர்கள் என்று நினைத்தேன். மறுநாளே கடிதம் எழுத இருந்தேன். அதற்குள் எனக்கு நினைவு தப்பிவிட்டது. ஒரு மாதம் ஆஸ்பத்திரி. தில்லை எப்படி இருக்கிறாள்? அவளைத் தனியாக விடாதே. நம் வீட்டோடு வைத்துக்கொள்.'

படித்து முடித்தபோது மரத்தடியில் இருந்த எல்லோரும் எங்களைச் சுற்றி நின்றார்கள். சௌந்தரத்தின் கை அவர் கழுத்துக்குப் போயிற்று. வெறுங்கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றது.

"அவரு இருக்காரு" என்றார். "அவரு இருக்கும்போதே நான் என்னா பண்ணிட்டேன்."

அழுகை வரவில்லை. சந்தோஷமும் வரவில்லை. அடுத்ததாக அவர் சொன்னதுதான் எங்கள் எல்லோரையும் உலுக்கிவிட்டது.

"தில்லை பொட்டு வச்சுகினு உக்காந்துருக்காளே. அவகிட்ட யாரு போய்ச் சொல்றது?"

உத்திராபதி தந்தியைக் கேட்டார். சௌந்தரம் முந்தானை முடிச்சிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மடிப்பில் கிழிய ஆரம்பித்திருந்த அந்தத் தாளை உத்திராபதி விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "பேரன்ட்னுதான் போட்டுருக்கான்" என்றார். "பாருங்க, பேரன்ட்னுதான் இருக்கு. அந்த ஆபீஸ்காரன் தப்பா அடிச்சுட்டான். சொந்தக்காரனுக்கு ரிலேஷன்னு இருக்கணும். அவன் தப்பு." அதையே இன்னும் இரண்டு தடவை சொன்னார்.

சௌந்தரத்தைக் குதிரை வண்டியில் வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு நானும் அவரும் பாண்டிச்சேரி பஸ் ஏறினோம். டைப்ரைட்டரை மூடக்கூட இல்லை. பஸ் முக்கால் மணி நேரத்தில் கொண்டுபோய் விட்டது. முக்கால் மணி நேரம். அன்றைக்கே பையனைப் போகவிட்டிருக்கலாமே என்று பாலத்தைத் தாண்டும்போது இரண்டு பேருக்கும் அதே நினைப்புதான் ஓடியிருக்கும்.

அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு வாத்தியாராக இருந்த லூர்துசாமி எனக்கு ஒரு வழக்கில் பழக்கமானவர். முப்பத்தைந்து வயசு. சாமியாராகப் படிக்கப் போய்க் குருப்பட்டம் வாங்குமுன் திரும்பி வந்துவிட்டவர். அதனால் லத்தீன் தெரியும். வீட்டு வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். தந்தியை நீட்டினோம். வாங்கின கையோடு, எண்ணெய்த் துணியைக்கூடக் கீழே வைக்காமல் படித்தார்.

"சொந்தக்காரர் பதினொன்னாம் தேதி சைகோன்ல எறந்துட்டார். குடும்பத்துக்குச் சொல்லுங்க. கடிதம் வருது. யாருங்க எறந்தது?"

ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை.

உத்திராபதி முதல் சொல்லின் மேல் விரலை வைத்தார். "இது? இதுக்கு அப்பா அம்மான்னு அர்த்தம் இல்லையா?"

"பரான். அப்பா அம்மாவுக்கும் சொல்லலாம். ஆனா தனியா ஒரு பரான்னா சொந்தக்காரன்னுதான் மொதல்ல தோணும். சித்தப்பா, மாமன், மச்சான், பங்காளி யாரா வேணா இருக்கலாம். அப்பா செத்தா அப்பான்னே போடுவாங்க, அதுக்கு வேற சொல்லு இருக்கு." பிறகுதான் அவர் எங்கள் முகத்தைப் பார்த்தார். "நீங்க என்னான்னு படிச்சீங்க?"

நான் சொன்னேன். அவர் எண்ணெய்த் துணியை மெதுவாகப் படிக்கட்டில் வைத்தார். "தாலி எறக்கிட்டாங்களா?" என்று கேட்டார். நான் தலையசைத்தேன். அவர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். உத்திராபதி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். லூர்துசாமியின் மனைவி கொண்டுவந்த தண்ணீரை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

மறுநாள் காலை பாசஞ்சரில் சிதம்பரம் போனோம். சௌந்தரம், ஞானசேகரன், உத்திராபதி, நான். பையன் உத்திராபதி பக்கம் திரும்பவே இல்லை. மொட்டைத் தலையில் அரை அங்குலம் முடி முளைத்திருந்தது. அதை அடிக்கடி தடவிக்கொண்டான். வழியில் ஒரே ஒருமுறை, "நான் கேட்டேன்ல சார், பாண்டிக்குப் போய்க் கேக்கட்டான்னு" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

தில்லையம்மாள் வாசலில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து ஓடிவந்து சௌந்தரத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். "வா அக்கா, வெளிய வரத் தோணுச்சே உனக்கு, அதுவே போதும். உள்ள வா, காப்பி போடறேன்." நெற்றியில் குங்குமம் அன்று காலையில் வைத்தது, இன்னும் உதிராமல் இருந்தது. சௌந்தரம் அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். வழியெல்லாம் நான்தான் சொல்வேன், நான்தான் சொல்வேன் என்று வந்தவருக்கு வாய் வரவில்லை. பையன் சுவரைப் பார்த்து நின்றான்.

உத்திராபதிதான் சொன்னார். தந்தியை எடுத்துக் கூடத்துத் தரையில் விரித்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"அம்மா, இந்தத் தந்தியப் படிச்சவன் நான். இந்த மொதல் சொல்லுக்கு நான் அப்பான்னு அர்த்தம் சொன்னேன். அது தப்பு. சொந்தக்காரர்னு அர்த்தம். தட்சிணாமூர்த்தி ஐயா இருக்காரு. நேத்து அவரு கையால எழுதின கடுதாசி வந்துடுச்சு."

தில்லையம்மாள் ஒரு கணம் விழித்தார். அப்புறம் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

"மச்சாண்டாரு இருக்காரா? அக்கா! மச்சாண்டாரு இருக்காரா!" சௌந்தரத்தைக் கட்டிக்கொண்டு அழுதார், சிரித்தார். "ஐயோ, அதச் சொல்லவா இப்படி மூஞ்சத் தூக்கி வச்சுகினு வந்தீங்க? பெருமாளே! நான் அன்னிக்கே உப்பும் மொளகும் போட்டேன் அக்கா. ஒனக்கும் சேத்துத்தான் போட்டேன்னு வச்சுக்க. அடுப்புல பால் இருக்கு, சக்கர போட்டு எல்லாருக்கும்..." உள்ளே போக இரண்டடி வைத்தார்.

அங்கேயே நின்றார். திரும்பினார்.

"அப்ப எறந்தது யாரு?"

அவர் சௌந்தரத்தைப் பார்த்தார். பையனைப் பார்த்தார். தரையில் கிடந்த தந்தியைப் பார்த்தார். "சைகோன்ல வேற யாரு..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். அடுப்பில் பால் பொங்கி வழிகிற வாடை வந்தது. நான் போய் இறக்கினேன். அந்த நேரத்தில் செய்வதற்கு எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை. திரும்பி வந்தபோது அவர் சத்தம் இல்லாமல் தரையில் சரிந்து உட்கார்ந்திருந்தார். சௌந்தரத்தின் மடியில் அவர் தலை இருந்தது. உத்திராபதி அதே குத்துக்காலில், கை இரண்டையும் கூப்பியபடி.

நாற்பது நாளைக்கு முன்பே விதவையாகிவிட்ட பெண்ணுக்கு அன்றுதான் சாவு வீடு தொடங்கியது. மறுபடியும் தர்ப்பையில் உருவம், மறுபடியும் ஆற்றங்கரை. இந்தத் தடவை ஞானசேகரன்தான் சித்தப்பாவுக்குக் கொள்ளி போட வேண்டியிருந்தது. பூவராகனுக்கு இருந்தது ஒரே ஒரு பெண் குழந்தைதான்.

அதற்குப் பிறகு உத்திராபதி ஒரு மாதம் மரத்தடிக்கு வரவில்லை. அமிர்தம் அண்ணி என்னை வீட்டுக்குக் கூப்பிட்டனுப்பினார். "ராத்திரி பகலா அந்த ஒரு வார்த்தையே சொல்லிகினு இருக்காரு. நீங்க வந்து பாருங்க" என்றார். போனேன். ஒரு தாள் நிறைய எழுதிவைத்திருந்தார். லூர்துசாமியிடம் நான்கைந்து தடவை போய்வந்திருக்கிறார். சிதம்பரத்தில் பல்கலைக்கழக நூல்நிலையத்துக்கும் போய், அனுமதி வாங்கி, தடிதடியான அகராதிகளைப் புரட்டியிருக்கிறார்.

"இதப் பாரு சுப்பிரமணி" என்றார். "லத்தீன்ல பரேன்ஸ். பரேரேன்னா பெத்துப்போடறது. பெத்துப்போட்டவங்க பரேன்ஸ். நம்ம பெத்தவங்க மாதிரியே. அங்கேருந்துதான் எல்லாம் வருது. ஆனா பாரு, போற வழியில சனங்க அத இழுத்து இழுத்து மொத்தச் சொந்தத்துக்கும் வச்சுட்டாங்க. இத்தாலியில பரேன்தேன்னா சொந்தக்காரன் மட்டுந்தான். பெத்தவங்களுக்கு வேற சொல்லு வச்சுகினான். ஸ்பெயின்காரன் பரியேந்தே, போர்த்துகீஸ்காரன் பரேன்த்தே, ரெண்டும் சொந்தக்காரன். பிரெஞ்சுக்காரன் ரெண்டையும் ஒரே சொல்லுல வச்சுகினான். இங்கிலீஷ்காரன் அவன்கிட்டேருந்து வாங்கி, அப்பா அம்மாவ மட்டும் வச்சுகினு மிச்சத்த வுட்டுட்டான். ருமேனியான்னு ஒரு தேசம் இருக்காம். அங்க மட்டும் பரின்தேன்னா இன்னும் பெத்தவங்கதான். பாதிரியாரையும் அப்படித்தான் கூப்புடுவாங்களாம்."

தாளை மடித்தார்.

"அந்தத் தந்தி ருமேனியாவுலேருந்து வந்துருந்தா நான் சொன்னது சரி."

அதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் ஒரு ஆறுதலும் இல்லை. இவ்வளவும் தேடியது தன்னை விடுவித்துக்கொள்ளத்தான் என்று நான் நினைத்தேன். அவரே அதற்கும் பதில் சொன்னார். "தேடத் தேட நான் பண்ணது பெருசாத்தான் ஆவுது. ஒரு சொல்லு ரெண்டாயிரம் வருசமா அஞ்சாறு தேசம் சுத்தி வந்து நம்ம மரத்தடியில நின்னுருக்கு. நான் அத ஒரு நிமிசம் நிறுத்தி, நீ எந்த ஊருன்னு கேக்கல."

அந்த ஆகஸ்டில் தட்சிணாமூர்த்தி கப்பலில் வந்து இறங்கினார். உத்திராபதி அடித்துக் கொடுத்த கடிதத்தையும் கொண்டுவந்திருந்தார். மறுபடி வேலைக்குப் போன அன்று ஆபீஸ்காரன் அதைக் கையில் கொடுத்தானாம். தன் உடலை என்ன செய்தீர்கள் என்று தன் பிள்ளையே கேட்ட கடிதத்தை அவர் நின்றுகொண்டே படித்தாராம். எங்களிடம் அதைக் காட்டியபோது கோபப்படவில்லை. "நானும் பேர போடாதன்னு சொன்னேன் பாருங்க" என்றார். அவருக்கும் அவர் பங்கு இருந்தது.

உறவுக்காரர்கள் யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குள் ஒரு கயிற்றைக் கட்டிவிடலாம் என்றார்கள். சௌந்தரம் ஒப்புக்கொள்ளவில்லை. "எறக்குனது நாலு பேரு பாக்க. கட்டறதும் நாலு பேரு பாக்கத்தான்" என்றார். ஆவணி முகூர்த்தத்தில் திருவந்திபுரத்தில் முப்பது கல்யாணங்களுக்கு நடுவில் அவர்களுக்கும் நடந்தது. மணமகனுக்கு நாற்பத்தெட்டு வயசு. இன்னும் சரியாக நிமிர்ந்து நிற்க முடியவில்லை. ஞானசேகரன் உத்திராபதியை நேரில் வந்து அழைத்திருந்தான். அவர் வந்தார், மலைப்படிக்கட்டின் அடியில் நின்று பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் போய்விட்டார். தில்லையம்மாள் வரவில்லை. வரச்சொல்லி சௌந்தரம் இரண்டு தடவை ஆள் அனுப்பியும் வரவில்லை.

உத்திராபதி தொழிலை விடவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் பாண்டிச்சேரி போய் லூர்துசாமியிடம் பிரெஞ்சு படித்தார். நாற்பது வயசுக்கு மேல் ஒரு மனுஷன் சிலேட்டு வாங்கிக்கொண்டு போனதை நான் பார்த்தேன். மூன்று வருஷம் போனார். சைகோன் குடும்பங்கள் கடலூர்ப் பக்கம் இருபது முப்பது இருந்தன. அவர்கள் காகிதங்களை அவரிடம் கொண்டுவரத் தயங்கினார்கள். அதில் தப்பே இல்லை என்பார்.

1967ல், மார்கழி மாசம், தில்லையம்மாள் சிதம்பரத்திலிருந்து தனியாக வந்தார். மரத்தடியில் இருந்தவர்களெல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள். கம்பெனியிலிருந்து வந்ததாகச் சொல்லி, ஒரு பெட்டியையும் அதோடு பிரெஞ்சில் ஒரு தாளையும் கொண்டுவந்திருந்தார். தாளை உத்திராபதியிடமே நீட்டினார்.

"என்கிட்டயாம்மா குடுக்கறீங்க?"

"ஆமா. படிங்க."

அவர் படிக்கவில்லை. தில்லையம்மாளையும் என்னையும் அழைத்துக்கொண்டு பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறினார். லூர்துசாமியின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, உத்திராபதி ஒவ்வொரு வரியாகச் சொல்ல, லூர்துசாமி ஒவ்வொன்றுக்கும் சரி என்றார். பூவராகனின் சாமான் ஜாபிதா அது. வேட்டி இரண்டு. மூக்குக்கண்ணாடி ஒன்று. குடை ஒன்று. சட்டை நான்கு, அதில் ஒன்று தைக்காத துணி. குழந்தையின் போட்டோ ஒன்று. ஒரு சொல்லில் இருவருக்கும் சந்தேகம் வந்தது. லூர்துசாமி அகராதி எடுத்துவந்து பார்த்தார். சுண்ணாம்பு டப்பா என்று முடிவாயிற்று. தில்லையம்மாள், "ஆமா, வெள்ளி. எங்க அப்பா குடுத்தது" என்றார்.

கடலூர் திரும்பியதும் பஸ் ஸ்டாண்டில் சிதம்பரம் பஸ்ஸுக்காக நின்றோம். அப்போதுதான் தில்லையம்மாள் அதைப் பேசினார்.

"நாப்பது நாளு நான் பொட்டு வச்சுகினு இருந்தேன். தெருவுல ஒருத்தரு ஒரு மாதிரி பாக்கல. என் பொண்ணு அப்பாவுக்குக் கடுதாசி எழுதிகினு இருந்தா. நான் கோயிலுக்குப் போனேன். அக்காவப் பாத்துப் பரிதாபப்பட்டேன். அந்த நாப்பது நாளையும் நீங்க எனக்குக் குடுத்தீங்களா, எங்கிட்டேருந்து எடுத்தீங்களான்னு நானும் மூணு வருசமா யோசன பண்றேன். ஒரு நாளு அப்படித் தோணுது. ஒரு நாளு இப்படித் தோணுது."

உத்திராபதி ஏதோ சொல்ல வாயெடுத்தார். தில்லையம்மாள் கையால் தடுத்தார்.

"நீங்க சொல்ல வாணாம். நானே யோசிச்சுக்கறேன்."

பஸ் வந்தது. பெட்டியை நான் மேலே ஏற்றினேன். உத்திராபதி அவர் உட்கார்ந்த சீட்டுப் பக்கம் ஜன்னலுக்கு வெளியே நின்றார். தில்லையம்மாள் அவரைப் பார்க்கவில்லை, பார்க்காமலும் இல்லை. மடியில் அந்தத் தாளை மடித்து வைத்திருந்தார். பஸ் கிளம்பிப் போன பிறகும் உத்திராபதி கொஞ்ச நேரம் அதே இடத்தில் நின்றார். பிறகு, "எங்க ஊர்க் கடைசி வண்டிக்கு இன்னும் நேரம் இருக்கு, ஒரு டீ சாப்புடலாம் சுப்பிரமணி" என்றார்.